சவுண்ட்போர்டா, ஆடியன்ஸா, மேட்ரிக்ஸா? கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள் பற்றி ஓர் அறிமுகம்

கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஆல்பங்களின் பெயரைவிடத் தேதிகள்தான் அதிகம் காதில் விழும். ‘மே 8, 1977 கேட்டாச்சா?’ ‘அந்த ஆகஸ்ட் 72-க்கு எந்தப் பதிவு நல்லது?’ 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கி 1995இல் அதன் கிடார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை, இந்த ராக் இசைக்குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் நடத்தியது. ஸ்டுடியோவில் செய்த ஆல்பங்கள் 13தான். பாட்டு வரிசை தினமும் மாறும். ஒரே பாட்டு ஒரு நாள் 10 நிமிடம், இன்னொரு நாள் 25 நிமிடம். எந்த இடத்தில் கற்பனை விரியும், எந்தப் பாட்டுக்குள் போய் முடியும் என்பது மேடையில்தான் முடிவாகும். அதனால் இந்தக் குழுவின் இசையைக் கேட்பது என்றாலே கச்சேரிப் பதிவைக் கேட்பது என்றுதான் அர்த்தம்.

புதிதாகக் கேட்க வருபவர் முதலில் தடுமாறும் இடமும் இதுதான். ஒரே கச்சேரிக்கு ஐந்தாறு பதிவுகள் கிடைக்கும். ஒன்றில் குரல் காதருகே ஒலிக்கும், கிடார் எங்கோ தூரத்தில் இருக்கும். இன்னொன்றில் அரங்கமே அதிரும், ஆனால் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டே இருப்பார். ‘அன்று சரியாக வாசிக்கவில்லை போல’ என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் குறை வாசிப்பில் இருக்காது. மைக் எங்கே இருந்தது, அந்த டேப் எத்தனை கை மாறி வந்தது என்ற இரண்டு கேள்விகளிலேயே முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

முதல் வகை சவுண்ட்போர்ட் பதிவு. மேடையில் உள்ள மைக்குகளின் ஒலியெல்லாம் மிக்சிங் மேசைக்கு வரும். சவுண்ட் இன்ஜினியர் அவற்றைக் கலந்து அரங்க ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவார். அந்தக் கலவையை அப்படியே ஒரு ரெக்கார்டருக்கும் கொடுத்தால் அதுதான் சவுண்ட்போர்ட். கைத்தட்டல் மிகக் குறைவாக இருக்கும், எதிரொலி இருக்காது, ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கேட்கும். இந்தக் குழுவில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் அதன் சவுண்ட் இன்ஜினியர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி. தான் அமைத்த ஒலி அரங்கில் எப்படி இருந்தது என்று பிறகு கேட்டுத் திருத்துவதற்காக அவர் கச்சேரிகளைப் பதிவு செய்துவைத்தார். வேலைக் குறிப்பாகத் தொடங்கியது பெரிய ஒலிக் காப்பகமாக வளர்ந்தது.

சவுண்ட்போர்ட் என்றால் எப்போதும் உயர்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. மேசையில் இருப்பது அரங்கத்துக்காகச் செய்த கலவை, கேட்பவரின் ஹெட்போனுக்காகச் செய்ததல்ல. சிறிய அரங்கில் டிரம்ஸும் கிடார் ஆம்ப்ளிஃபையரும் மேடையிலிருந்தே போதுமான சத்தம் கொடுத்துவிடும். இன்ஜினியர் அவற்றை ஸ்பீக்கருக்கு ஏற்ற வேண்டியதில்லை. குரலை மட்டும் ஏற்றுவார். அரங்கில் இருந்தவருக்கு எல்லாம் சமமாகக் கேட்டிருக்கும். டேப்பிலோ குரல் முன்னே துருத்திக்கொண்டு, டிரம்ஸ் அடுத்த அறையில் வாசித்ததுபோல் பதிவாகியிருக்கும். அரங்கம் பெரிதாகும்போது எல்லா வாத்தியத்தையும் ஏற்ற வேண்டிவரும் என்பதால் மேசைப் பதிவும் சமநிலைக்கு வரும். எனவே ஒரு சவுண்ட்போர்டை மதிப்பிடும் முன் அரங்கத்தின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் பாட்டை வைத்தும் தீர்ப்பு சொல்லக் கூடாது. இன்ஜினியர் அளவுகளைச் சரிசெய்வதே அந்தப் பாட்டில்தான். கிடார் வாசித்துப் பாடும் பாப் வியரின் மைக் முதல் சரணத்தில் கேட்காமல் போவதும், ஃபில் லெஷின் பேஸ் திடீரென்று உயர்ந்து பிறகு அடங்குவதும் சாதாரணம். மூன்றாவது பாட்டிலிருந்து கேட்டுப் பார்த்தால் பதிவின் உண்மையான தரம் தெரியும்.

1974 தனிக் கதை. அந்த ஆண்டு இவர்கள் ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற பிரமாண்ட ஒலி அமைப்போடு ஊர் ஊராகப் போனார்கள். சுமார் 600 ஸ்பீக்கர்கள், 26,000 வாட்டுக்கு மேல் சக்தி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு. எல்லாமே வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றன. அப்படியானால் ஸ்பீக்கர் சத்தம் குரல் மைக்கில் புகுந்து ஊளையிடுமே? அதற்காக ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் இணைப்பை எதிர்த்திசையில் கொடுத்தார்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் மேல் மைக்கில் மட்டும் வாயை ஒட்டிப் பாடுவதால் குரல் தப்பிவிடும். ஆனால் வாய் கொஞ்சம் விலகினாலும் குரலின் ஒரு பகுதியும் சேர்ந்து அழியும். 1974 பதிவுகளில் குரல் மெலிந்து, அடிக்கனம் இல்லாமல் ஒலிப்பதற்கு இதுதான் காரணம். அதே காரணத்தால் இந்த ஆண்டின் நல்ல ஆடியன்ஸ் பதிவுகளுக்கு, அதாவது கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தவற்றுக்கு, தனி மதிப்பு உண்டு. தனித்தனி அடுக்குகளிலிருந்து வந்த ஒலிகள் அரங்கத்துக் காற்றில்தான் ஒன்றாகக் கலந்தன. அந்தக் கலவை அங்கே வைத்த மைக்கில் மட்டுமே பிடிபடும்.

‘பெட்டி போர்ட்ஸ்’ என்ற பெயரும் அடிக்கடி வரும். பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் 1970களில் செய்த பதிவுகளை அப்படி அழைக்கிறார்கள். 1977, 78 பதிவுகளின் சிறப்பு என்னவென்றால், அவர் அரங்கத்துக்குப் போன கலவையை எடுக்கவில்லை. மைக் ஒலிகளைத் தனியாகப் பிரித்து வாங்கி, டேப்புக்கென்றே வேறொரு கலவை செய்து நாக்ரா ரீல் ரெக்கார்டரில் ஏற்றினார். மேலே சொன்ன சமநிலைக் குறை இவற்றில் இல்லாததற்கு அதுதான் காரணம். அவற்றை வைத்திருந்த கிடங்கின் வாடகை பாக்கியானதால் 1986இல் டேப்புகள் ஏலம் போயின. பிறகு நகல்கள் ரசிகர்களிடையே பரவின. மே 8, 1977 அன்று நியூயார்க் மாநிலம் இதாகாவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியும் அவர் பதிவுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. அதிகாரப்பூர்வ வெளியீடாக வந்தது 2017இல்தான்.

மல்டிட்ராக் பதிவை சவுண்ட்போர்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சவுண்ட்போர்ட் இரண்டே தடங்களில், அந்த நொடியிலேயே கலந்து முடிந்துவிட்ட ஒன்று. மல்டிட்ராக்கில் 16 அல்லது 24 தடங்களில் வாத்தியங்கள் பிரிந்தே இருக்கும். பிற்பாடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து நிதானமாகக் கலக்கலாம். 1969இல் வந்த ‘லைவ்/டெட்’ ஆல்பமும், 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளும் 16 தடங்களில் பதிவானவை. அந்தப் பயணத்திலிருந்து 1972 நவம்பரில் வந்த மூன்று இசைத்தட்டுத் தொகுப்பில் குரல்களை ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘லைவ்’ என்று போட்டிருப்பதெல்லாம் முழுக்க மேடையில் பாடியதல்ல.

இனி ஆடியன்ஸ் பதிவு. கூட்டத்தில் இருப்பவர் சொந்த மைக்கும் ரெக்கார்டரும் கொண்டுவந்து எடுப்பது. பெரும்பாலான குழுக்கள் இதைத் தடுத்த காலத்தில் கிரேட்ஃபுல் டெட் பொறுத்துக்கொண்டது, பிறகு இடமே ஒதுக்கிக் கொடுத்தது. மைக் ஸ்டாண்டுகள் பெருகி மிக்சிங் மேசையில் இருந்த டான் ஹீலிக்கு மேடையே மறைய ஆரம்பித்ததும், 1984 அக்டோபர் 27இல், பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் முதன்முதலாகப் பதிவாளர்களுக்கென்று தனிப் பகுதியும் டிக்கெட்டும் வந்தன. விதி ஒன்றுதான்: பதிவை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

அந்தப் பகுதி மேசைக்குப் பின்னால் இருந்ததால் ஒரு விளைவு. மேசைக்கு முன்னால், அதாவது மேடைக்கு இன்னும் அருகில் மைக் வைத்து எடுத்த பதிவுகளுக்கு மதிப்பு கூடியது. பதிவுக் குறிப்பில் ‘எஃப்.ஓ.பி.’ என்று இருந்தால் அது மேசைக்கு முன்னிருந்து எடுத்தது. காரணம் எளிது. ஸ்பீக்கருக்கு அருகில் இருக்கும்போது நேரடி ஒலி அதிகம், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குறைவு. பின்னால் போகப் போக எதிரொலி ஓங்கி, டிரம்ஸின் கூர்மை மழுங்கும். திறந்தவெளிக் கச்சேரிகளில் சுவர் இல்லாததால் தூரத்திலிருந்தும் நல்ல பதிவுகள் வந்திருக்கின்றன. அங்கே எதிரி காற்றுதான். நுரைக் கவசம் இல்லாத மைக்கில் காற்று பட்டால் கீழ்ச்சுரத்தில் படபடவென்று அடிக்கும்.

நல்ல ஆடியன்ஸ் பதிவுக்கு மைக் தலைகளுக்கு மேலே, 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 110 டிகிரி கோணத்தில் விரித்து வைப்பது நிலைத்த முறைகளில் ஒன்று. கிட்டத்தட்ட நம் இரு காதுகளின் இடைவெளி என்பதால் ஹெட்போனில் அரங்கம் இயல்பாக விரியும். பல ஆண்டுகள் பதிவாளர்களின் நம்பிக்கைக்குரிய கருவி சோனியின் டிசி-டி5எம் கேசட் ரெக்கார்டர். இரண்டு பெரிய பேட்டரிகளில் ஓடும். கச்சேரி நடுவே பேட்டரி தளர்ந்தால் மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் சுருதி ஏறிவிடும். இரண்டாம் பாதியில் கார்சியாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்று மாறினால் குறை பேட்டரியில்தான்.

நடுவில் வரும் வெட்டுகளுக்கும் கணக்கு உண்டு. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். இவர்களின் இரண்டாம் பகுதியோ ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அதுவும் பாட்டோடு பாட்டாக நிற்காமல் போகும். எங்கோ ஓரிடத்தில் கேசட்டைத் திருப்பியே ஆக வேண்டும். ரீலுக்கும் இதே சிக்கல்தான். 1,800 அடி டேப் நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 48 நிமிடத்தில் தீரும். ஆடியன்ஸும் சவுண்ட்போர்டும் வெவ்வேறு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்றால் அடைக்கலாம். நடுவில் ஒரு நிமிடம் ஒலியின் தன்மை சட்டென்று மாறித் திரும்பினால் அது ஒட்டுப்போட்ட இடம். பாட்டுப் பட்டியலில் ‘//’ என்ற குறி வெட்டைக் காட்டும். ‘>’ என்பது நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போனதைக் காட்டும்.

அடுத்த கேள்வி, டேப் எத்தனை கை மாறியது? கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுப்பது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. ஒரே தரமுள்ள டேப்புகளில் எடுத்தாலும் முதல் நகலில் பின்னணி இரைச்சல் சுமார் 3 டெசிபெல் கூடும். மூன்றாம் நகலில் 6 டெசிபெல் ஆகும். டெக்கின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால் சிம்பலின் மினுமினுப்பு போய்விடும். டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிந்ததை டால்பி இல்லாமல் ஒலிக்கவிட்டால் கூச்சலாகவும் இரைச்சலாகவும் இருக்கும். டால்பி இல்லாததை டால்பியோடு ஒலிக்கவிட்டால் போர்வை போட்டு மூடியதுபோல மந்தமாகிவிடும். அதனால்தான் டேப் கடந்து வந்த வழியைச் சொல்லும், பதிவோடு வரும் ‘லினியேஜ்’ குறிப்பை முதலில் படிக்க வேண்டும். ‘சவுண்ட்போர்ட் > மாஸ்டர் ரீல் > டாட் > ஃப்ளாக்’ என்றிருந்தால் ரீலிலிருந்து நேராக டிஜிட்டலுக்கு வந்தது (டாட் என்பது டிஜிட்டல் டேப், ஃப்ளாக் என்பது ஒலி இழப்பில்லாத கோப்பு), நல்ல அறிகுறி. நடுவில் ‘கேசட் > கேசட் > கேசட்’ என்று இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். குறிப்பே இல்லாத பதிவு கடைசிப் பட்சம்தான்.

டிஜிட்டலுக்கு வந்த பிறகும் கெடுக்க வழி இருக்கிறது. எம்பி3 கோப்பை ஃப்ளாக்காக மாற்றினால் இழந்த ஒலி திரும்பி வராது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல நின்றிருக்கும். பழைய டேப்பில் உயர் ஒலிகள் சரிவாகத்தான் தேயும், இப்படி ஒரே வெட்டாக நிற்காது. ஆனால் 15 கிலோஹெர்ட்ஸில் நின்று, 19இல் ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். அது எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பிலிருந்து எடுத்தது. 1978 டிசம்பர் 31இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கத்தை மூடிய இரவுபோல, வானொலியில் நேரடியாகப் போன கச்சேரிகள் பல உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால், சிடிக்காக வெட்டியவர் கணக்குத் தவறியிருக்கிறார். சிடியில் ஒரு துண்டு 588 சாம்பிள் (ஒலியின் அளவீடு), அதாவது நொடியில் 75இல் ஒரு பங்கு. அந்த எல்லையில் வெட்டாவிட்டால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பிவிடும். நிற்காமல் ஓடும் இசையில் அது உறுத்தும்.

வேகம் சரியா என்று பார்க்க ஓர் அருமையான வழி இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையர்களின் ‘ம்ம்ம்’ என்ற முனகல் டேப்பின் அமைதியான இடங்களில் பதிந்திருக்கும். ஆடாசிட்டி போன்ற ஏதாவதொரு மென்பொருளில் அந்த இடத்தின் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். 60க்குப் பதில் 61.8 என்று காட்டினால் டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அதாவது சுருதி அடுத்த ஸ்வரஸ்தானத்துக்கு ஏறக்குறையப் பாதி தூரம் ஏறியிருக்கிறது. ஐரோப்பியக் கச்சேரி என்றால் 50 ஹெர்ட்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். திருத்தும்போது வேகத்தை மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் தாளம் தவறான வேகத்திலேயே நின்றுவிடும்.

மூன்றாவது வகையான மேட்ரிக்ஸ், சவுண்ட்போர்டையும் ஆடியன்ஸையும் ஒன்றாகக் கலப்பது. முதலாவதின் தெளிவும் இரண்டாவதின் அரங்க உணர்வும் ஒருசேரக் கிடைக்கும். 1980களின் பிற்பகுதியில் டான் ஹீலியே கச்சேரி நடக்கும்போது அரங்க மைக்குகளை மேசை ஒலியோடு கலந்து ‘அல்ட்ரா மேட்ரிக்ஸ்’ டேப்புகள் செய்தார். பழைய கச்சேரிகளுக்கு ரசிகர்கள் இப்போது கணினியில் செய்கிறார்கள். செய்முறை கடினமில்லை, பொறுமை வேண்டும்.

முதலில் இரண்டு கோப்புகளையும் ஒரே சாம்பிள் வீதத்துக்குக் கொண்டுவந்து, மேலே சொன்ன 60 ஹெர்ட்ஸ் முறையில் சவுண்ட்போர்டின் வேகத்தைத் திருத்துங்கள். பிறகு இரண்டிலும் ஒரே ஸ்னேர் டிரம் அடியைக் கண்டுபிடித்து நேராக நிறுத்துங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆடியன்ஸ் மைக் ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்திருந்தால் அதன் ஒலி 87 மில்லி நொடி தாமதமாக வந்திருக்கும். அதை அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். நேராக நிறுத்திய பின் பாட்டின் கடைசிக்குப் போய் மறுபடி பாருங்கள், அங்கே விலகியிருக்கும். டிஜிட்டல் ரெக்கார்டர்கள் இரண்டுக்கிடையே 0.005 சதவீத வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி சேர்ந்துவிடும். கேசட்டோ ஒரே சீராக ஓடாது. அதனால் முழுக் கச்சேரியை ஒரே இழுப்பில் சரிசெய்யப் பார்க்காமல், பாட்டுக்குப் பாட்டு, நீளமான பாட்டென்றால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, ஆடியன்ஸ் தடத்தை நீட்டியோ சுருக்கியோ பொருத்த வேண்டும். கலவைக்கு சவுண்ட்போர்ட் 70, ஆடியன்ஸ் 30 என்று தொடங்கலாம். குரல் துருத்தும் சவுண்ட்போர்ட் என்றால் பாதிக்குப் பாதிகூடப் போகலாம்.

டிரம்ஸ் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலப் பொள்ளலாக ஒலித்தால் இரண்டு தடங்களும் சில மில்லி நொடி விலகியிருக்கின்றன, சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. பேஸ் மட்டும் காணாமல் போனால் ஒரு தடத்தின் அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். 30, 40 மில்லி நொடியைத் தாண்டினால் எதிரொலியாகவே காதுக்குத் தெரிந்துவிடும். கச்சிதமாகப் பொருந்தாத மேட்ரிக்ஸைவிட, இரைச்சலோடு இருக்கும் ஒற்றைப் பதிவு எவ்வளவோ மேல்.

டேப்பின் மேல் எழுதியிருக்கும் தேதி தவறாக இருப்பதும் உண்டு. இங்கேதான் உறுப்பினர்களை அறிந்துவைப்பது கைகொடுக்கும். கார்சியா, வியர், லெஷ், டிரம்ஸ் வாசிக்கும் பில் க்ரூட்ஸ்மன் நால்வரும் எப்போதும் உண்டு. மாறுவது மற்றவர்கள்தான். ஹார்மோனிகாவும் முரட்டு ப்ளூஸ் குரலும் கேட்டால் பிக்பென் என்ற ரான் மெக்கெர்னன், 1972 ஜூனுக்குப் பிறகு அவர் மேடையில் இல்லை. இரண்டாவது டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1967 செப்டம்பரில் சேர்ந்து 1971 பிப்ரவரியில் விலகி, 1974 அக்டோபரில்தான் மேடைக்குத் திரும்பினார். எனவே ‘1973’ என்று எழுதிய டேப்பில் இரண்டு டிரம்ஸ் கேட்டால் சந்தேகப்படுங்கள். பியானோ முன்னே நிற்பது கீத் காட்ஷோவின் காலம், 1971 அக்டோபர் முதல் 1979 பிப்ரவரி வரை. பெண் குரல் அவர் மனைவி டோனா ஜீனுடையது. ஹேமண்ட் ஆர்கனும் கரகரப்பான மேல்ஸ்தாயிக் குரலும் வந்தால் பிரென்ட் மிட்லண்ட், 1979 ஏப்ரல் முதல் 1990 ஜூலை வரை. அதன்பின் வின்ஸ் வெல்னிக் வந்தார். 1992 வசந்தம் வரை ப்ரூஸ் ஹார்ன்ஸ்பியின் பெரிய பியானோவும் கூடவே பல இரவுகளில் கேட்கும். பாட்டுகளும் சாட்சி சொல்லும். ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ முதலில் மேடையேறியது 1977 மார்ச் 18இல். 1976 என்று எழுதிய டேப்பில் அது இருக்க வழியில்லை.

அதிகாரப்பூர்வ வெளியீடுகளில் தொடங்க நினைப்பவருக்கு இரண்டு வரிசைகள் உண்டு. குழுவின் டேப் காப்பாளராக இருந்த டிக் லட்வாலா 1993இல் தொடங்கிய ‘டிக்ஸ் பிக்ஸ்’ 36 தொகுதிகள் வந்தது. 2012 முதல் டேவிட் லெமியூ தேர்ந்தெடுக்கும் ‘டேவ்ஸ் பிக்ஸ்’ ஆண்டுக்கு நான்கு வருகிறது. முதல் வரிசையில் பெரும்பாலும் இரண்டு தட டேப்புகள்தான். சிறு குறைகளை மறைக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். இன்டர்நெட் ஆர்கைவில் பெரும்பாலான கச்சேரிகளை இலவசமாகக் கேட்கலாம். 2005 இறுதியிலிருந்து அங்கே சவுண்ட்போர்டுகளைக் கேட்க மட்டும்தான் முடியும், ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

முதலில் எதைக் கேட்பது? மல்டிட்ராக்குக்கு 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்து வெனீட்டா. அன்றைய கொளுத்தும் வெயிலில் கிடார்களின் சுருதி அடிக்கடி கலைவதை அங்கங்கே கேட்கலாம், அதையும் மீறி வாசிப்பு அபாரம். ஆடியன்ஸ் பதிவுக்கு 1971 ஆகஸ்ட் 6, ஹாலிவுட் பலேடியம். கூட்டத்தின் உற்சாகம் இசையைக் கெடுக்காமல் தூக்கிக்கொடுக்கும் பதிவு அது. அடுத்து கார்னெல் கச்சேரியின் இரண்டாம் பகுதியில் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ தொடங்கி ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ முடியும்வரை உள்ள சுமார் 25 நிமிடத்தை, முதலில் ஆடியன்ஸிலும் பிறகு பெட்டியின் பதிவிலும் கடைசியாக மேட்ரிக்ஸிலும் ஹெட்போனில் கேளுங்கள். லெஷின் பேஸ் ஒவ்வொன்றிலும் எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும். ஆடியன்ஸை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சவுண்ட்போர்டின் தெளிவுக்குக் காது பழகிவிட்டால் அரங்க ஒலிக்கு இறங்கி வர அதற்கு அரை மணி நேரமாவது பிடிக்கும்.